யார் உடைத்த குடம்?



அமெரிக்காவில் அதிபரின் கொள்கை பிடிக்காதவர்கள் தெருவில் இறங்குகிறார்கள். இறங்கிய அன்றே இன்னொரு சண்டையும் தொடங்கிவிடுகிறது. இவர்கள் தேசபக்தர்களா, தேசத்துரோகிகளா? தாமாக வந்தவர்களா, காசு கொடுத்துக் கூட்டிவரப்பட்டவர்களா? நியாயம் கேட்கிறார்களா, கலகம் செய்கிறார்களா? அதிபரோடு நடக்கும் சண்டை ஒன்று. போராட்டத்தைப் பற்றி இரண்டு கட்சிக்காரர்களும் தங்களுக்குள் போட்டுக்கொள்ளும் சண்டை இன்னொன்று. இந்த இரண்டாவது சண்டைதான் இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

அது அவர்கள் ஊர் விவகாரம், நமக்கென்ன என்று கேட்கலாம். இந்த அரங்கில் அமர்ந்திருப்பவர்களில் பலருடைய பிள்ளைகள் நியூஜெர்சியிலும் டெக்சாஸிலும் கலிஃபோர்னியாவிலும் இருக்கிறார்கள். அங்கே ஓர் ஊர்வலம் கிளம்பினால் இங்கே நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா ஒரு பக்கம், மருமகன் ஒரு பக்கம் என்று அணி பிரிகிறது. அவர்கள் சண்டையின் வார்த்தைகளைக் கடன் வாங்கி நாம் சண்டை போடுகிறோம். அப்படிக் கடன் வாங்குவதற்கு முன் அந்த வார்த்தைகளின் வரலாற்றைத் தெரிந்துகொள்வது நல்லது.

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். இந்தப் பழமொழியை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் இருநூறு ஆண்டுக்கு மேற்பட்ட போராட்ட வரலாற்றைப் படித்துவிட்டு நான் வந்து சேர்ந்த முடிவு இந்தப் பழமொழிக்குள் அடங்கிவிடுகிறது. அங்கே ஒரு போராட்டத்தைப் பற்றிப் பெரும்பாலோர் சொல்லும் தீர்ப்பு, அந்தப் போராட்டம் என்ன கேட்கிறது என்பதைப் பார்த்து வருவதில்லை. வெள்ளை மாளிகையில் யார் இருக்கிறார் என்பதைப் பார்த்து வருகிறது. அது ஒரு நாட்டுக்கு எவ்வளவு பெரிய கேடு என்பதைத்தான் சில உதாரணங்களோடு உங்கள் முன் வைக்கப்போகிறேன்.

முதல் உதாரணம் மிகப் பழையது. 1791-ஆம் ஆண்டு அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. பேச்சுரிமை, பத்திரிகை உரிமை, அமைதியாகக் கூடும் உரிமை, குறை தீர்க்கும்படி அரசிடம் முறையிடும் உரிமை எல்லாம் எழுத்தில் வந்தன. ஏழே ஆண்டுகள்தான். 1798-இல் அதிபர் ஜான் ஆடம்ஸ் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். அரசையோ, நாடாளுமன்றத்தையோ, அதிபரையோ அவதூறாக எழுதினால் சிறை. சட்டத்தில் ஒரு பதவி மட்டும் விடுபட்டிருந்தது. அது துணை அதிபர் பதவி. அப்போது துணை அதிபராக இருந்தவர் தாமஸ் ஜெஃபர்சன், எதிர்க்கட்சித் தலைவர். அதிபரைத் திட்டினால் குற்றம், ஜெஃபர்சனைத் திட்டலாம்! வெர்மான்ட் மாநிலத்து நாடாளுமன்ற உறுப்பினர் மேத்யூ லயன் இந்தச் சட்டத்தால் நான்கு மாதம் சிறைக்குப் போனார்; சிறையில் இருந்தபடியே மறுபடி தேர்தலில் வென்றார். சரி, ஜெஃபர்சன் 1801-இல் அதிபரானார், தண்டிக்கப்பட்டவர்களை மன்னித்தார். போற்றுகிறோம். ஆனால் அதே ஜெஃபர்சன் 1803-இல், தன்னைத் தாக்கும் பத்திரிகைகள் சிலவற்றின் மீது மாநில அளவில் வழக்குப் போட்டால் நல்லது என்று பென்சில்வேனியா ஆளுநருக்குக் கடிதம் எழுதினார். நாற்காலி மாறியது, கண்ணும் மாறியது.

இரண்டாவது உதாரணம் நாம் எல்லோரும் வணங்கும் ஒரு மனிதர். ஆபிரகாம் லிங்கன்.

1847 டிசம்பரில் லிங்கன் நாடாளுமன்றத்துக்குப் புதிதாக வந்த உறுப்பினர். மெக்சிகோவோடு போர் நடந்துகொண்டிருக்கிறது. அமெரிக்க மண்ணில் அமெரிக்க ரத்தம் சிந்தப்பட்டதால்தான் போர் என்று அதிபர் போல்க் சொல்லியிருந்தார். அந்த ரத்தம் சிந்திய இடம் எது, அது உண்மையிலேயே நம் மண்தானா, காட்டுங்கள் என்று தீர்மானம் கொண்டுவந்தார் லிங்கன். அடுத்த மாதம், இந்தப் போரை அதிபர் தேவையின்றியும் சட்டத்துக்குப் புறம்பாகவும் தொடங்கினார் என்ற தீர்மானத்துக்கு ஆதரவாக வாக்களித்தார். படைவீரர்கள் களத்தில் நிற்கும்போது அதிபரைக் கேள்வி கேட்பதா என்று போல்க்கின் ஜனநாயகக் கட்சியார் கொதித்தார்கள். துரோகி என்றார்கள். பத்தாண்டு கழித்தும் தேர்தல் மேடையில் அதைச் சொல்லிக் காட்டினார்கள். இந்தப் போரையும் அடிமை முறையையும் ஆதரிக்கும் அரசுக்கு வரி கட்டமாட்டேன் என்று 1846-இல் ஓர் இரவு சிறையில் இருந்த எழுத்தாளர் தோரோவின் கட்டுரையைத்தான் பிறகு காந்தியடிகள் படித்துப் போற்றினார் என்பதையும் இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பதினாறு ஆண்டுகளைத் தள்ளிப் பாருங்கள். 1863 மே மாதம். லிங்கன் அதிபர். உள்நாட்டுப் போர் உச்சத்தில் இருக்கிறது. ஓஹையோவில் ஜனநாயகக் கட்சியின் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் வல்லாண்டிகம் என்பவர் மேடையேறி, இந்தப் போர் கொடிது, அதிபர் கொடுங்கோலர் என்று பேசினார். சில நாள் கழித்து நடுராத்திரியில் ராணுவத்தார் அவர் வீட்டுக் கதவை உடைத்துக் கைது செய்தார்கள். ராணுவ நீதிமன்றம் தண்டனை கொடுத்தது. லிங்கன் அந்தச் சிறைத் தண்டனையை மாற்றி அவரை எதிரியின் எல்லைக்குள் கொண்டுபோய் விடச் சொன்னார். போல்க்கைக் கேள்வி கேட்ட அதே லிங்கன்! அவரைத் துரோகி என்று ஏசிய அதே ஜனநாயகக் கட்சியார் இப்போது பேச்சுரிமை, பேச்சுரிமை என்று முழங்கினார்கள். அடிமை முறையை ஒழிக்க வந்த போரையும் நிலம் பிடிக்க நடந்த போரையும் நான் ஒரே தட்டில் வைக்கவில்லை. லிங்கனின் போர் நியாயமானது என்றே நான் உறுதியாக நினைக்கிறேன். ஆனால் நியாயமான அதிபரையும் மேடையில் திட்டும் உரிமை ஒரு குடிமகனுக்கு இருந்தாக வேண்டும். அந்த இரவில் உடைந்தது வல்லாண்டிகத்தின் கதவு மட்டுமா?

நண்பர்களே, இனி நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும் காலத்துக்கு வருவோம். வியட்நாம் போர். இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

1964 ஆகஸ்டில் டோங்கின் வளைகுடாத் தீர்மானம் வந்தது. வியட்நாமில் படைபலத்தைப் பயன்படுத்த அதிபர் ஜான்சனுக்குக் கொடுத்த வெற்றுக் காசோலை அது. கீழவையில் எதிர்த்து ஒரு வாக்குகூட இல்லை. செனட்டில் 88 பேர் ஆதரவு, இரண்டே பேர் எதிர்ப்பு. ஆரிகன் மாநிலத்து வேய்ன் மோர்ஸ், அலாஸ்கா மாநிலத்து எர்னஸ்ட் குரூனிங். இருவரும் ஜான்சனின் ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்தவர்கள். சொந்தக் கட்சி அதிபர், சில மாதத்தில் தேர்தல், நாடே ஒரு பக்கம் நிற்கிறது. அப்போது எழுந்து நின்று வேண்டாம் என்று சொன்ன அந்த இரண்டு பேரை மறக்காதீர்கள். பிறகு அவர்களைப் பற்றிச் சொல்கிறேன்.

போர் வளர்ந்தது. எதிர்ப்பும் வளர்ந்தது. 1967 அக்டோபரில் வாஷிங்டனில் சுமார் ஒரு லட்சம் பேர் கூடி, அவர்களில் பல்லாயிரவர் பென்டகன் வாசல் வரை போனார்கள். 1968 மார்ச் கடைசி நாளில், மறுபடி போட்டியிடப்போவதில்லை என்று ஜான்சனே அறிவித்தார். ஆகஸ்டில் சிகாகோவில் ஜனநாயகக் கட்சி மாநாடு. வெளியே போராடியவர்களைப் போலீஸ் தடியால் அடித்தது. தொலைக்காட்சி அதை வீட்டுக்கு வீடு காட்டியது. அதை ஆராய்ந்த குழு, கலகம் செய்தது போலீஸ்தான் என்று எழுதியது. அந்த நகரத்தின் மேயர் யார்? ஜனநாயகக் கட்சித் தலைவர்களில் பெரும்புள்ளியான ரிச்சர்ட் டேலி. ஆகவே தடியடி ஒரு கட்சிக்கு மட்டும் சொந்தமானது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

பிறகு நிக்சன் வந்தார். குடியரசுக் கட்சி. போர் அதேதான், அதிபர் மட்டும் வேறு. 1969 அக்டோபர் 15-ஆம் தேதி ஊர் ஊராக மக்கள் வேலையை நிறுத்திவிட்டுப் போரை எதிர்த்துக் கூடினார்கள். நவம்பர் 3-ஆம் தேதி இரவு நிக்சன் தொலைக்காட்சியில் பேசினார். தெருவில் கத்துகிறவர்கள் ஒரு சிறு கூட்டம், வாய் திறக்காமல் வீட்டில் இருக்கும் பெரும்பான்மை என் பக்கம் என்றார். நாட்டையே இரண்டாகப் பிளந்த பேச்சு அது. தெருவுக்கு வந்தவன் ஒரு பக்கம், வராதவன் இன்னொரு பக்கம். வராதவனின் மௌனத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துத் தன் கணக்கில் எழுதிக்கொள்ளலாம் என்ற பழக்கம் அன்றைக்குப் பெரிதாகத் தொடங்கியது. இன்றுவரை எல்லா நாட்டு ஆட்சியாளர்களும் அந்த மௌனத்தைத் தங்கள் பெயரில்தான் எழுதிக்கொள்கிறார்கள்.

1970 ஏப்ரல் 30. கம்போடியாவுக்குள்ளும் படை போகிறது என்று நிக்சன் அறிவித்தார். பல்கலைக்கழகங்கள் கொதித்தன. ஓஹையோவின் கென்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தில் படைப்பயிற்சிக் கட்டடம் ஒன்றுக்குத் தீ வைத்தார்கள். அது தவறு, சந்தேகமே இல்லை. மாநில ஆளுநர் தேசியக் காவல் படையை இறக்கினார். மே 4, திங்கட்கிழமை, நண்பகல். திடலில் மாணவர்கள் கூடியிருக்கிறார்கள். கலையச் சொல்கிறது படை, கண்ணீர்ப்புகை வீசுகிறது. சில மாணவர்கள் கல் வீசுகிறார்கள். படை ஒரு மேட்டின் மேல் ஏறுகிறது. திடீரென்று திரும்பிச் சுடுகிறது. பதின்மூன்று விநாடி. அறுபத்தேழு குண்டு. நான்கு பேர் செத்தார்கள், ஒன்பது பேர் காயப்பட்டார்கள். செத்தவர்களில் படைக்கு மிக அருகில் நின்றவரே 250 அடிக்கும் அப்பால் நின்றார். அந்தத் தூரத்திலிருந்து கல்லெறிந்து யாரைக் கொல்ல முடியும்? செத்த ஒரு பெண் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தவர். இன்னொரு மாணவர் ராணுவ அதிகாரியாகப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தவர்.

இதுவரை சொன்னது துப்பாக்கி செய்தது. அடுத்து நான் சொல்லப்போவது எனக்கு அதைவிட வலிக்கிறது. சில நாட்களில் ஒரு கருத்துக்கணிப்பு வந்தது. நான்கு பேர் சாவுக்கு யார் காரணம் என்று கேட்டார்கள். மாணவர்களே காரணம் என்று 58 விழுக்காட்டினர் சொன்னார்கள். சுட்ட படை காரணம் என்று சொன்னவர்கள் 11 விழுக்காட்டினர். செத்தவன் மேல் பழி! பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்த அந்த வீடுகளில் செய்தித்தாளைப் பிரித்து இந்த எண்ணைப் படித்திருப்பார்களே, அவர்கள் மனம் என்ன பாடு பட்டிருக்கும்?

நான்கே நாள் கழித்து, மே 8. நியூயார்க் நகர மேயர், இறந்த மாணவர்களுக்காகக் கொடியை அரைக் கம்பத்தில் பறக்கவிடச் சொல்லியிருந்தார். வால் ஸ்ட்ரீட் பக்கம் மாணவர்கள் கூடியிருந்தார்கள். கட்டடத் தொழிலாளர்கள் தலைக்கவசத்தோடு கிளம்பி வந்து அந்த மாணவர்களை அடித்து நொறுக்கினார்கள். சுமார் எழுபது பேருக்குக் காயம். அந்த மாதக் கடைசியில் கட்டடத் தொழிற்சங்கத் தலைவர் பீட்டர் பிரென்னன் வெள்ளை மாளிகைக்குப் போய் நிக்சனுக்கு ஒரு தலைக்கவசத்தைப் பரிசாகக் கொடுத்தார். பின்னாளில் அவரே நிக்சனின் தொழிலாளர் துறை அமைச்சரும் ஆனார். தெருவில் அடிப்பது கலகம் என்றால் இதுவும் கலகம்தானே? ஆனால் கலகம் நம் அதிபருக்கு ஆதரவாக இருந்தால் அதற்குப் பெயர் தேசபக்தி.

இதற்கு நடுவே ஒரு காட்சி. மே 9, விடியற்காலை. போராட்டக்காரர்கள் வருகிறார்கள் என்று வெள்ளை மாளிகையைச் சுற்றிப் பேருந்துகளை வரிசையாக நிறுத்தி அரண் போட்டிருந்தார்கள். நிக்சனுக்குத் தூக்கம் வரவில்லை. நாலரை மணி வாக்கில் தன் உதவியாளரைக் கூட்டிக்கொண்டு காரில் ஏறி லிங்கன் நினைவகத்துக்குப் போய்விட்டார். பாதுகாவலர்கள் பதறிப்போனார்கள். படிகளில் போராட வந்த இளைஞர்கள் படுத்தும் உட்கார்ந்தும் கிடக்கிறார்கள். அதிபர் அவர்கள் நடுவில் போய் நின்று பேசத் தொடங்கினார். போரைப் பற்றிச் சிறிது பேசினார். பிறகு எந்த ஊர், எந்தக் கல்லூரி, உங்கள் கல்லூரிக் கால்பந்து அணி எப்படி, உலகத்தைச் சுற்றிப் பாருங்கள் என்று பேச்சு எங்கெங்கோ போனது. போரை நிறுத்தச் சொல்ல வந்தோம், இவர் கால்பந்து பேசுகிறார் என்று மாணவர்கள் பத்திரிகைக்காரர்களிடம் வருத்தப்பட்டார்கள். நிக்சனை நான் மெச்சவில்லை. ஆனாலும் ஓர் அதிபர் தன்னை வெறுக்கும் பிள்ளைகளின் எதிரில், துணைக்குப் பெரிய கூட்டமில்லாமல், அந்த விடியற்காலையில் போய் நின்றார். இன்று அது நடக்குமா? இரு தரப்பும் நேருக்கு நேர் நின்றும் பேச முடியாமல் போனதுதான் அந்தக் காலையின் துயரம்.

மோர்ஸும் குரூனிங்கும் என்ன ஆனார்கள்? போர் தவறு என்று நாடு உணரத் தொடங்கிவிட்ட 1968-இலேயே இருவரும் தேர்தலில் பதவி இழந்தார்கள்.

அன்பர்களே, வியட்நாமோடு இது முடிந்ததா? இராக்குக்கு வாருங்கள்.

2003 பிப்ரவரி 15. உலகமெங்கும் கோடிக்கு நெருக்கமான மக்கள் போர் வேண்டாம் என்று தெருவில் இறங்கினார்கள். அதிபர் ஜார்ஜ் புஷ் கேட்கவில்லை. மார்ச்சில் போர் தொடங்கியது. டிக்சி சிக்ஸ் என்ற பெண் பாடகர் குழு, அதிபர் எங்கள் டெக்சாஸ் மாநிலத்துக்காரர் என்பதில் வெட்கப்படுகிறோம் என்று லண்டன் மேடையில் ஒரு வரி சொன்னார்கள். வானொலி நிலையங்கள் அவர்கள் பாட்டை நிறுத்தின. அவர்களுடைய இசைத்தட்டுகளைக் குவித்து டிராக்டர் ஏற்றி நசுக்கினார்கள்.

2005 ஆகஸ்ட். டெக்சாஸில் கிராஃபோர்டு என்ற சிற்றூர். அங்கே புஷ்ஷின் பண்ணை வீடு; அவர் விடுமுறையில் இருக்கிறார். சிண்டி ஷீஹன் என்ற தாய் சாலையோரம் கூடாரம் அடித்து உட்கார்ந்தார். அவர் மகன் முந்தைய ஆண்டு இராக்கில் இறந்தவர். என் மகன் எந்த உன்னத நோக்கத்துக்காகச் செத்தான், அதிபர் என்னிடம் நேரில் சொல்லட்டும் என்பதுதான் அவர் கோரிக்கை. வெயில் கொளுத்தும் அந்தச் சாலையோரத்தில் இறந்த வீரர்களின் பெயர் எழுதிய வெள்ளைச் சிலுவைகளை நட்டார்கள். ஆயிரக்கணக்கானோர் அங்கே வந்தார்கள். தொலைக்காட்சி வண்டிகள் வரிசை கட்டின. ஜனநாயகக் கட்சி ஆதரவாளர்கள் அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். புஷ்ஷின் ஆதரவாளர்கள் மகன் சாவை அரசியலாக்குகிறார் என்று ஏசினார்கள்.

இப்போது 2009 ஆகஸ்ட். பராக் ஒபாமா அதிபர். ஆப்கானிஸ்தானில் படை கூடிக்கொண்டே போகிறது. இராக்கில் படை இன்னும் இருக்கிறது. ஒபாமா மார்த்தாஸ் வின்யார்ட் தீவில் விடுமுறையில் இருக்கிறார். அதே தாய் அங்கேயும் போனார். அதே கோரிக்கை, அதே துயரம், அதே மகன். ஆனால் கூட்டம் எங்கே? தொலைக்காட்சி வண்டிகள் எங்கே? நான்கு ஆண்டுக்கு முன் அவர் கையைப் பிடித்து அழுதவர்கள் எங்கே? விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சிலரே வந்தார்கள். அந்த டிசம்பரில் ஒபாமா மேலும் 30,000 படைவீரர்களை ஆப்கானிஸ்தானுக்கு அனுப்புவதாக அறிவித்தார். தெருக்கள் நிறையவில்லை. மைக்கேல் ஹீனி, ஃபாபியோ ரோஹாஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அந்த ஆண்டுகளில் போர் எதிர்ப்பு ஊர்வலங்களுக்கே போய் ஆயிரக்கணக்கானவர்களிடம் வினாத்தாள் கொடுத்து நிரப்பி வாங்கினார்கள். அவர்கள் கண்டது: தங்கள் கட்சி ஜெயித்ததும் ஜனநாயகக் கட்சிக்காரர்கள் இயக்கத்தை விட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். போர் முடியவில்லை, போர் எதிர்ப்பு முடிந்துவிட்டது. அந்தத் தாயை நான் மதிக்கிறேன். அவருடைய எல்லாக் கருத்தும் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அதிபர் மாறியும் கேள்வியை மாற்றாத மனிதர் அவர்.

மறுபக்கத்தைப் பார்ப்போம். 2008 இலையுதிர் காலத்தில் வங்கிகளைக் காப்பாற்ற 70,000 கோடி டாலர் ஒதுக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டவர் புஷ். குடியரசுக் கட்சியிலேயே முணுமுணுப்பு எழுந்தது. ஆனால் தெரு நிறையவில்லை. ஒபாமா பதவியேற்று ஒரே மாதத்தில், அரசு கடன் வாங்கிச் செலவழிக்கிறது, வரிப்பணம் வீணாகிறது என்று தேநீர் விருந்து இயக்கம் எழுந்தது. 2009 கோடையில் உறுப்பினர்கள் தொகுதியில் நடத்தும் மக்கள் சந்திப்புகளில் புகுந்து, ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை எதிர்த்துக் கூச்சல் போட்டார்கள். மைக்கைப் பிடித்து நிற்கும் உறுப்பினரின் குரல் வெளியே கேட்காது. அதற்கு ஜனநாயகக் கட்சி என்ன சொன்னது? இது மக்கள் இயக்கம் அல்ல, பணமுள்ளவர்கள் மேலிருந்து விரித்த செயற்கைப் புல் என்றது. 2010 தேர்தலில் அந்தப் புல்தான் கீழவையில் அவர்களிடமிருந்து 63 இடங்களைப் பறித்தது.

2017 வந்தது. டிரம்ப் அதிபர். பதவியேற்ற மறுநாளே பெண்கள் பேரணியில் பல லட்சம் பேர் நடந்தார்கள். ஜனநாயகக் கட்சியின் முன்னாள் நாடாளுமன்றப் பணியாளர்கள் சிலர் ஒரு கையேடு எழுதியிருந்தார்கள். தேநீர் விருந்துக்காரர்கள் ஒபாமாவை எப்படித் தடுத்தார்களோ அதே வழியில் டிரம்பைத் தடுப்போம் என்று அதில் வெளிப்படையாகவே சொன்னார்கள். அதே மக்கள் சந்திப்புகள், அதே கூச்சல், அதே மைக். இந்த முறை எழுந்து நின்றவர்கள் அந்த மருத்துவக் காப்பீட்டைக் காப்பாற்ற வந்தவர்கள். குடியரசுக் கட்சியார் என்ன சொன்னார்கள் தெரியுமா? காசு வாங்கிக்கொண்டு வந்த கூட்டம்! எட்டு ஆண்டில் வசனம் மாறவில்லை, பேசும் ஆள் மட்டும் மாறிவிட்டான். எதிர்த்தரப்பு உண்மையாகவே கோபப்படுகிறது என்று நம்ப மறுப்பது இரு கட்சிக்கும் பொதுவான நோய். சாலையில் நிற்கும் ஆசிரியைக்கும், புற்றுநோய் மருந்துக்குக் காப்பீடு போய்விடுமோ என்று நடுங்கும் நோயாளிக்கும், வரி உயர்ந்தால் கடையை மூட வேண்டிவருமே என்று கலங்கும் சிறு வியாபாரிக்கும் யார் காசு கொடுத்து அழச் சொல்ல வேண்டும்?

இங்கே ஒரு கேள்வி எழும். அப்படியானால் எல்லாப் போராட்டமும் ஒன்றுதானா? இல்லவே இல்லை. அப்படிச் சொன்னால் அது நடுநிலை ஆகாது, சோம்பல் ஆகும்.

2021 ஜனவரி 6-ஆம் தேதி தேர்தல் முடிவை உறுதிசெய்யும் கூட்டத்தைத் தடுக்கக் கூட்டம் ஒன்று நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் உடைத்துக்கொண்டு புகுந்தது. சுமார் 140 போலீஸார் காயப்பட்டார்கள். மக்கள் போட்ட வாக்கை வன்முறையால் செல்லாததாக்கும் முயற்சியை நான் போராட்டத்தில் சேர்க்கமாட்டேன். 2025-இல் மீண்டும் பதவியேற்ற அன்றே டிரம்ப் அந்தக் கூட்டத்தாரில் சுமார் 1,500 பேருக்கு மன்னிப்பு வழங்கியதையும் என்னால் ஏற்க முடியவில்லை. அதே அளவுகோலைக் கொண்டு 2020-ஐயும் பார்க்க வேண்டும். ஜார்ஜ் ஃபிளாயிட் போலீஸ்காரரின் முழங்காலுக்கு அடியில் இறந்தபின் எழுந்த போராட்டங்களில் மிகப் பெரும்பாலானவை அமைதியானவை. நீதியான காரணத்துக்கு எழுந்தவை. ஆனால் சில ஊர்களில் கடைகள் எரிந்தன. எரிந்தது எரிந்ததுதான். பெரிய நோக்கத்தின் பெயரால் அந்தக் கடைக்காரரின் இழப்பை மறைத்தவர்களும் நேர்மையாக நடக்கவில்லை.

இரண்டு கேள்வி கேட்டால் போதும் என்று நான் நினைக்கிறேன். அடித்தார்களா, உடைத்தார்களா? கேட்பது நியாயமா? முதல் கேள்விக்குப் பதில் கண்ணால் காண்பது. இரண்டாவதற்குப் பதில் சிந்தித்துச் சொல்வது. வெள்ளை மாளிகையில் யார் என்ற கேள்வி இந்த இரண்டில் எதிலும் இல்லை.

தலையெண்ணிக்கையும் நியாயத்துக்குச் சான்றாகாது. 1963-இல் வாஷிங்டன் பேரணியில் மார்ட்டின் லூதர் கிங் இரண்டரை லட்சம் பேர் முன் பேசினார். அதற்குச் சற்று முன் எடுத்த கேலப் கருத்துக்கணிப்பில், பேரணியைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தவர்களில் 60 விழுக்காட்டினர் அதை விரும்பவில்லை. அதிபர் கென்னடிகூட முதலில் தயங்கினார். இன்று கிங் பிறந்தநாளுக்கு நாடே விடுமுறை விடுகிறது. அந்த விடுமுறைக்கான சட்டத்தில் 1983-இல் கையெழுத்திட்டவர் குடியரசுக் கட்சியின் ரீகன்.

ஒரே அளவுகோலைக் கையில் பிடிப்பது எவ்வளவு கடினம் தெரியுமா? 1977-இல் சிகாகோவுக்கு அருகே ஸ்கோக்கி என்ற ஊர். ஹிட்லரின் முகாம்களிலிருந்து உயிர் தப்பி வந்த யூதர்கள் பலர் அங்கே குடியிருந்தார்கள். அந்த ஊர்த் தெருவில் ஊர்வலம் போக அமெரிக்க நாஜிக் கட்சிக்காரர்கள் அனுமதி கேட்டார்கள். கேட்கவே ரத்தம் கொதிக்கிறது அல்லவா? ஊர் மறுத்தது. அந்த நாஜிகளின் கூடும் உரிமைக்காக நீதிமன்றத்தில் வாதாடியது அமெரிக்கக் குடிமை உரிமைகள் சங்கம். அதன் தலைமை நிர்வாகி ஆர்யே நையர், பெர்லினில் யூதக் குடும்பத்தில் பிறந்து, குழந்தையாக நாஜிகளிடமிருந்து தப்பியவர்! இன்று இவர்களைத் தடுக்கும் சட்டம் நாளைக்குக் கறுப்பின மக்களின் ஊர்வலத்தைத் தடுக்கும் என்பது அவர் வாதம். ஆயிரக்கணக்கான உறுப்பினர்கள் கோபத்தில் சங்கத்தை விட்டு விலகினார்கள். சங்கம் வழக்கை விடவில்லை, வென்றது. கடைசியில் நாஜிகள் ஸ்கோக்கிக்குப் போகவும் இல்லை. இந்தத் தீர்ப்பைப் பற்றி இன்றும் எனக்கு மன உறுத்தல் உண்டு. தப்பி வந்த அந்த முதியவர்களின் முகத்தை நினைத்தால் பேச்சு வரவில்லை. ஆனாலும் நையர் செய்தது சரி என்றே நான் சொல்வேன்.

இப்போது நடப்பதற்கு வருகிறேன். 2024 வசந்த காலத்தில் பைடன் ஆட்சியில் காஸா போரை எதிர்த்துப் பல்கலைக்கழக வளாகங்களில் மாணவர்கள் கூடாரம் அடித்தார்கள். மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் கைதானார்கள். ஜனநாயகக் கட்சித் தலைவர்களில் பலர் அப்போது வாய் திறக்கவில்லை. 2025-இல் டிரம்ப் ஆட்சி அதே இயக்கத்தில் கலந்துகொண்ட வெளிநாட்டு மாணவர்களின் விசாவில் கை வைத்ததும் அந்தத் தலைவர்களில் பலர் பேச்சுரிமை பேசினார்கள். பேசியது சரி, ஓர் ஆண்டு முன்பே பேசியிருக்க வேண்டும். அந்த ஜூன் மாதத்திலும் அக்டோபரிலும், எங்களுக்கு அரசர் வேண்டாம் என்ற முழக்கத்தோடு பெரும் பேரணிகள் நடந்தன. அக்டோபர் பேரணிக்கு முன்பே கீழவைத் தலைவர் மைக் ஜான்சன் அதை அமெரிக்காவை வெறுப்பவர்களின் பேரணி என்று சொல்லிவிட்டார். தேநீர் விருந்துக்காரர்கள் ஒபாமாவைக் கொடுங்கோலர் என்று எழுதிய அட்டைகளைத் தூக்கியபோது மைக் ஜான்சனின் கட்சி அதை நாட்டை நேசிப்பவர்களின் எழுச்சி என்றுதானே சொன்னது?

பின்னால் நிற்கும் மாணவர்களே, உங்களிடம்தான் ஒரு வேண்டுகோள். இன்று இரவே உங்கள் கைப்பேசியில் ஏதோ ஒரு நாட்டு ஊர்வலத்தின் காணொளி வரும். அதோடு ஒரு தீர்ப்பும் ஒட்டிக்கொண்டு வரும். அதை அடுத்தவருக்கு அனுப்புவதற்கு முன், அந்தச் செய்தியிலிருக்கும் ஆட்சியாளரின் பெயரை விரலால் மறைத்துவிட்டு ஒருமுறை படியுங்கள். பிறகு அந்த இடத்தில் உங்களுக்குப் பிடித்த தலைவரின் பெயரை வைத்து இன்னொரு முறை படியுங்கள். இரண்டு முறையும் ஒரே தீர்ப்பு வந்தால் அனுப்புங்கள். வராவிட்டால் அனுப்பாதீர்கள்.